வலது பத்தியிலிருந்து தொடங்கியவர்

“எட்டுப் பக்கம் என்ன மேடம், எண்பது பக்கம் எழுதித் தர்றேன். பக்கத்து நாட்டோட பேரை விடுங்க, அதோட நிழல் ஒரு வரியில விழுந்தாலும் என்னை ஏன்னு கேளுங்க!”

பண்பாட்டுத் துறையின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு இந்த வீரவசனம் பேசப்பட்டது. அறையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் இரண்டு பேர் கண்ணைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்ததால், சாட்சிகள் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பேசியவர் தேசியத் தன்மைப் பிரிவின் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்து நான்கு. சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் எது நன்றாக எழுதும் என்று கேட்டால் ஒப்பிட்டுச் சொல்லக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். துறையில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் காவலாளியே உதட்டைப் பிதுக்குவார். ‘தராசு’ என்று கேட்டால் மட்டும் அறை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்.

ஒரு பொருளைத் தனியாகப் பார்க்கும் சக்தியை இயற்கை அவருக்குக் கொடுக்கவில்லை. ஒன்றைப் பார்த்தால் இன்னொரு தட்டில் எதையாவது வைத்தாக வேண்டும். தேநீர் கொடுத்தால், “நேத்து குடுத்ததுக்கு இது தேவலை” என்பார். அலுவலகத்தில் ஒருவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்து எல்லோரும் பார்க்கப் போனபோது, தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு, “மூத்தவன் அழுதான் பாருங்க, அது அழுகை” என்று சொன்னவர் அவர். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று வீட்டார் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், “மத்த ரெண்டு பேரைவிட” என்பது. அந்த மூன்று வார்த்தைகள் எப்படியோ பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இருபத்தாறு வருடங்களாக அவர் மனைவி அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்படும்போதெல்லாம் தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்தி வருகிறார்.

இப்படிப்பட்ட மனிதர் அரசாங்கத்தில் வேறு எங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் வீணாகியிருப்பார். தேசத்தின் அதிர்ஷ்டம், தேசியத் தன்மைப் பிரிவில் வந்து சேர்ந்தார்.

அந்தப் பிரிவு என்பது ஒரு அறை. மூன்று மேஜை, நான்கு நாற்காலி, சாவி தொலைந்ததால் பூட்டவே முடியாத ஒரு இரும்பு அலமாரி, கொக்கி போடாமலே மூடிக்கொள்ளும் ஒரு ஜன்னல். ஆட்கள் இரண்டு பேர்: தராசும், டைப்பிஸ்ட் அம்மாவும். மூன்றாவது மேஜை யாருடையது என்பதற்குக் கோப்பு எதுவும் இல்லை. பிரிவின் வேலை, ‘நாம்’ என்ற தலைப்பில் ஆண்டுக்கு ஒரு கையேடு வெளியிடுவது. நம் நாட்டு மக்களின் குணநலன் என்ன, பண்பாடு என்ன, நாம் யார் என்பதை உலகுக்கு எடுத்துச் சொல்ல முப்பத்திரண்டு பக்கம், கெட்டி அட்டை. வெளிநாட்டுத் தூதுக்குழு வந்தால் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். பள்ளிக்கூட நூலகங்களுக்கும் போகும். அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. குறை சொன்னதாகவும் தகவல் இல்லை. அரசாங்க வெளியீட்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி எதுவும் கிடையாது.

கையேடு எழுதத் தராசு ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. இடது பத்தியின் தலைப்பு ‘நாம்’. வலது பத்தியின் தலைப்பு ‘அவர்கள்’. அவர்கள் என்றால் பக்கத்து நாட்டார். இரண்டு நாட்டுக்கும் பேச்சு ஒன்று, முகவெட்டு ஒன்று, செருப்பு அளவும் ஒன்று. நடுவில் ஒரு மலை, ஒரு சோதனைச் சாவடி. வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தானே அதைக் கண்டுபிடிக்க ஒரு அரசுப் பிரிவு வேண்டியிருக்கிறது?

முறையின் சூட்சுமம், வலது பத்தியை முதலில் நிரப்புவது. அவர்கள் சிடுமூஞ்சிகள் என்று வலது பக்கம் எழுதிவிட்டால், நாம் சிரித்த முகத்தினர் என்று இடது பக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இடது பத்தியை முதலில் தொட்டால் மணிக்கணக்கில் பேனாவைக் கடிக்க வேண்டியதுதான். வலது பத்திக்கான சரக்கு தபாலில் வந்தது. பக்கத்து நாட்டிலும் ஒரு தேசியத் தன்மைப் பிரிவு இருந்தது. அதுவும் வருடம் ஒரு கையேடு போட்டது. மரியாதைக்காக இரண்டு பிரிவுகளும் பிரதி மாற்றிக்கொள்வது வழக்கம். ‘நாங்கள் அளந்து பேசுபவர்கள்’ என்று அவர்கள் அதில் எழுதியிருந்தால், தராசு வலது பத்தியில் ‘அவர்கள் உம்மென்று இருப்பவர்கள்’ என்று குறித்துக்கொண்டு, இடது பத்தியில் நம்மைக் கலகலப்பானவர்கள் ஆக்கிவிடுவார். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. இத்தனை வருடத்தில் அவர் மலையைத் தாண்டி ஒரு முறைகூடப் போனதில்லை. போனால் எழுத்து கெட்டுவிடும் என்று அவர் கருதியிருக்கலாம்.

புதிய இயக்குநர் வந்ததில்தான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த அம்மாள் வானிலைத் துறையில் பதினெட்டு வருடம் இருந்தவர். இன்று மழை என்று சொல்வதற்குப் பக்கத்து ஊரில் வெயில் என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் பழகியவர். வந்த இரண்டாவது மாதம், யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கையேட்டைப் படித்தார். அதுவும் ஒன்றல்ல, நான்கு வருடத்துக் கையேடுகளை வரிசையாக.

“நாலு வருஷம் முன்னாடி நாம நிதானமானவங்க. கடிகாரம் நம்மளை ஆட்டி வைக்க விடமாட்டோம்னு போட்டிருக்கீங்க,” என்றார் அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில். “போன வருஷம் பார்த்தா நாம நொடி தவறாதவங்க. நடுவுல நமக்கு என்ன ஆச்சு? டானிக் ஏதாவது குடிச்சோமா?”

“அவங்க ரயில் லேட்டாக ஆரம்பிச்சுது மேடம்,” என்றார் தராசு.

“யாரு ரயிலு?”

“பக்கத்து நாட்டு ரயிலு. முன்னாடி டயத்துக்கு ஓடிட்டு இருந்துச்சு. அப்ப நாம நிதானமா இருந்தோம். இப்ப அது லேட்டு. அதனால...”

“அதனால நாம சுறுசுறுப்பாயிட்டோம்.”

“ஆமாங்க மேடம்.”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வானிலைத் துறையில் புயல் எச்சரிக்கைக்கு முன்னால் அவர் அப்படித்தான் செய்வாராம். பிறகு உத்தரவு வந்தது. இந்த வருடம் வலது பத்தி கிடையாது. கோடும் கிடையாது. எந்த நாட்டோடும் ஒப்பிடாமல், நாம் யார் என்று எட்டே எட்டுப் பக்கம். மூன்று வாரம் அவகாசம். முடியாவிட்டால் பிரிவை மூடிவிடலாம். டைப்பிஸ்ட் அம்மா ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளைக்குப் போவார், ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். தராசு தரைக்குக் கீழே இருக்கும் பழைய கோப்புக் கிடங்குக்கு. அங்கே ஜன்னல் இல்லை. ஆள் இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட எதுவுமே இல்லை, ஏனென்றால் எல்லாக் கோப்பும் ஒரே நிறம்.

இதைக் கேட்டதும்தான் தராசு எழுந்து நின்று, மேலே கண்ட எண்பது பக்க வசனத்தைப் பேசினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இதில் மட்டும் ஒப்பீடே தேவைப்படாது.

முதல் வாரம் முதல் வரி எழுதினார்: ‘நாம் விருந்தினரை அன்போடு வரவேற்பவர்கள்.’ டைப்பிஸ்ட் அம்மா அதைத் தட்டச்சு செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ஏன் சார், அப்ப அவங்க வீட்டுக்கு யாராவது வந்தா அடிச்சு வெரட்டுறாங்களா?”

“அவங்களைப் பத்திப் பேசக் கூடாதும்மா!”

“நான் எங்க சார் பேசினேன்? உங்க வரிதான் பேசுது.”

தராசு வரியை அடித்தார். ‘நாம் தாயை மதிப்பவர்கள்’ என்று எழுதினார்.

“தாயை மதிக்காத நாடுன்னு ஏதாச்சும் இருக்கா சார்?”

அதையும் அடித்தார். ‘நாம் உழைப்பாளிகள்’ என்று எழுதிவிட்டு, அறையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, மனசாட்சி உறுத்தியதால் அதைத் தானே அடித்தார். வெள்ளிக்கிழமை மாலை கணக்கெடுத்தபோது இருபத்தெட்டு வரி எழுதி இருபத்தெட்டையும் அடித்திருந்தார். ‘நாம்’ என்ற ஒரு சொல் மட்டும் காயமில்லாமல் தாளின் நடுவில் நின்றது. அதைப் பார்த்து டைப்பிஸ்ட் அம்மா, “தலைப்பு நல்லா வந்திருக்கு சார்” என்று தேற்றினார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மூளையைப் பழக்குவதற்காக, மூன்று வாரத்துக்கு வீட்டிலும் ஒப்பீட்டுக்குத் தடை என்று தராசு அறிவித்தார்.

“எதையும் எதோடயும் ஒப்பிட்டுப் பேசக் கூடாது. நானும் பேசமாட்டேன். நீயும் பேசாதே.”

அவர் மனைவி ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைத்திருக்கும் அறையின் பொறுப்பாளர். மனிதர்கள் எதையெல்லாம் மறந்துவிட்டுப் போவார்கள் என்று பார்த்துப் பார்த்து, எதற்கும் ஆச்சரியப்படாத நிலையை அடைந்தவர்.

“நல்லது,” என்றார். “என் தங்கச்சி வீட்டுல புதுசா சோபா வாங்கியிருக்காங்களே, அதைப் பத்தி?”

“கூடாது.”

“உங்க சகலை அவளை வருஷா வருஷம் வெளியூர் கூட்டிட்டுப் போறாரே, அது?”

“அது ஒப்பீடு.”

“அவரைப் பத்தி மட்டும்தானே சொன்னேன்? உங்களை ஒரு வார்த்தை சொன்னேனா?”

தராசு யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். ஆனாலும் எங்கோ தைத்தது. தேசியத் தன்மைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகத் தான் செய்துவந்த வேலையை இந்த அம்மாள் வலது பத்தி மட்டும் வைத்துக்கொண்டு செய்துமுடிக்கிறாளே என்று அவருக்குத் தொழில்முறைப் பொறாமை வந்தது.

“சரி, ஒண்ணு சொல்லு,” என்றார். “உன் அறைக்கு ரெண்டு நாட்டு ஆளுங்க சாமானும் வருது இல்ல? நம்ம ஆளுங்க எதை அதிகமா தொலைக்கறாங்க?”

“குடை.”

“அவங்க?”

“குடை.”

“வேற?”

“மூக்குக்கண்ணாடி. அப்புறம் பல்செட்டு. பல்லை எப்படிங்க ரயில்ல விட்டுட்டுப் போவாங்க? வாயைத் தொறந்து பேசறப்பகூடவா தெரியாது?”

“பல்செட்டு யாரு அதிகம்?”

“நீங்கதான் ஒப்பிடக் கூடாதுன்னீங்களே,” என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைக்கப் போனார்.

இரண்டாவது வாரம் தராசு களத்தில் இறங்கினார். தாளைப் பார்த்தால் வராது, மக்களை நேரில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் குறிப்பேட்டோடு போய் நின்றார். இரண்டு மணி நேரம் நின்றார். தன் நாட்டு மக்களை வாழ்க்கையில் முதல் முறையாக நேராகப் பார்த்த அந்த ஆராய்ச்சியின் முடிவு குறிப்பேட்டில் இப்படி இருந்தது: ‘பேருந்து வந்தது. மக்கள் ஏறினார்கள். பேருந்து போனது.’ அதற்குக் கீழே: ‘இன்னொரு பேருந்து வந்தது.’

பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண்மணி, “என்ன சார், சர்வேயா? இங்க கூரை போடப் போறாங்களா?” என்று கேட்டார்.

“இல்லைம்மா. தேசியத் தன்மை தேடறேன்.”

அந்த அம்மாள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “அது இந்த ஸ்டாப்புல கிடைக்காதுங்க. நேரா போய் இடது கை பக்கம் திரும்புங்க, ஒரு மருந்துக் கடை வரும், அங்க கேளுங்க.”

தராசு நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய் இடது கைப்பக்கம் திரும்பினார். மருந்துக் கடை இருந்தது. மூடியிருந்தது. இதில் குறித்துக்கொள்ள எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. பழுப்பு உறை, பக்கத்து நாட்டு முத்திரை. டைப்பிஸ்ட் அம்மா பிரித்து உரக்கப் படித்தார்.

“‘தங்கள் துறையின் ஆண்டுக் கையேடு வழக்கமாக ஐந்தாம் தேதிக்குள் எங்களுக்குக் கிடைத்துவிடும். இம்முறை இதுவரை வரப்பெறவில்லை. அது வராமல் எங்கள் கையேட்டுப் பணியைத் தொடங்க இயலாத நிலையில் உள்ளோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்...’ சார்!”

“என்னம்மா?”

“அவங்களும் வலது பத்தியைத்தான் மொதல்ல நிரப்பறாங்க சார்.”

தராசு கடிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தார்.

“அப்ப நாம அவங்களைப் பார்த்து எழுதறோம், அவங்க நம்மளைப் பார்த்து எழுதறாங்க,” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “மொத மொதல்ல யாரு சார் எழுதினது?”

“எனக்கு முன்னாடி இருந்தவரு,” என்றார் தராசு. அரசாங்க வேலையில் எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பதில் அது ஒன்றுதான்.

கடிதத்தின் அடியில் ஒரு கைப்பேசி எண் இருந்தது. தராசு அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி வளைவுக்குப் போனார். அறைக்குள் சிக்னல் கிடைக்காது.

“ஹலோ, தேசியத் தன்மைப் பிரிவுங்களா?”

“ஆமாங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, மாடிப்படியில நிக்கறேன். ரூம்ல சிக்னல் இல்லை. நீங்க யாரு?”

“தேசியத் தன்மைப் பிரிவு.”

“அது நாங்கதானே?”

“மலைக்கு இந்தப் பக்கம்.”

 மறுமுனையில் சந்தோஷக் கூச்சல். “அடடே! வலது பத்தியா பேசறது?”

தராசுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் இடது பத்தி. ஒரே நொடியில் யாரோ தூக்கி வலது பக்கம் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

“உங்களுக்கு வயசென்ன சார்?” என்று கேட்டார், ஏதாவது ஒன்றிலாவது முந்திக்கொள்ள.

“ஐம்பத்தி மூணு.”

“எனக்கு ஐம்பத்தி நாலு.”

“அப்ப நீங்க அண்ணன்! சொல்லுங்கண்ணே, கையேடு எங்க?”

தேசத்துக்கு ஒரு வயது வித்தியாசத்தில் வெற்றி கிடைத்த திருப்தியில் தராசு மனசு இளகி, உள்ளதைச் சொல்லிவிட்டார். வானிலை மேடம், எட்டுப் பக்கம், வெள்ளிக்கிழமை கெடு, கிடங்கு, டைப்பிஸ்ட் அம்மாவின் ஒன்றரை மணி நேரப் பேருந்து எல்லாம். எதிர்ப்பக்கத்தவர் ‘ச்சு ச்சு’ கொட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்களை நீங்களே பார்த்து எப்படிண்ணே எழுதுவீங்க? எங்களாலயும் முடியாது. ஆனா ஒண்ணு. உங்க ஊரைப் பத்தி வேணும்னா நான் சொல்றேன். நான் வந்திருக்கேன்.”

“எப்ப?”

“ஆறு வருஷம் ஆச்சு. பதினோரு நாள். என் சம்சாரத்துக்குக் கடைவாய்ப் பல்லு. உங்க ஊர்ல நல்ல டாக்டர் இருக்காருன்னாங்க. பல்லு அவளுக்கு, காத்திருந்தது நான். பதினோரு நாளும் வேற என்ன வேலை? பார்த்துட்டே இருந்தேன்.”

“என்ன பார்த்தீங்க?”

“உங்க ஊர்ல வழி கேட்டா தெரியாதுன்னு ஒருத்தர்கூட சொல்ல மாட்டேங்கறாங்கண்ணே! தெரிஞ்சவங்களும் சொல்றாங்க, தெரியாதவங்க இன்னும் தெளிவா சொல்றாங்க. மொத நாள் பல் டாக்டரைத் தேடி நாலு பேர்கிட்ட கேட்டு மாட்டு டாக்டர்கிட்ட போய்ச் சேர்ந்தோம். வழி காட்டின ஒருத்தரு பாதி தூரம் கூடவே வந்தாரு. தப்பான இடம்னு தெரிஞ்சதும் அவருக்கு வந்த வருத்தத்தைப் பார்த்து நாங்க ரெண்டு பேரும் அவரைத் தேத்தினோம்.”

தராசுக்கு மூடியிருந்த மருந்துக் கடை கண்முன் வந்தது. சட்டைப் பையைத் தடவினார். மூன்று பேனாவும் இருந்தன, தாள் இல்லை. அந்தக் கடிதத்தையே திருப்பி, படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

“சொல்லுங்க தம்பி, சொல்லுங்க.”

“டாக்டர் ரூம்ல ஒருத்தர் பேப்பர் படிப்பாரு. பக்கத்துல இருக்கறவரு எட்டிப் பார்த்துப் படிப்பாரு. அது எங்க ஊர்லயும் உண்டு. ஆனா உங்க ஊர்ல பேப்பர்காரர் பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி, ‘முடிச்சிட்டீங்களா’ன்னு கேக்கறாரு! இவரும் வெக்கமே இல்லாம, ‘ரெண்டு வரி இருக்கு’ங்கறாரு. நான் அசந்து போயிட்டேன்.”

“இது நாங்க செய்யறதா?”

“நீங்கதாண்ணே. அப்புறம் உங்க ஆளுங்க நாட்டைத் திட்டற திட்டு இருக்கே! ரோடு சரியில்லை, தண்ணி சரியில்லை, ஆபீஸ்ல வேலை நடக்கலை. நானும் மரியாதைக்கு ஆமான்னு ஒரே ஒரு தடவை தலையாட்டினேன். அவ்வளவுதான். மொத்த ரூமும் என் மேல திரும்பிடுச்சு. எங்க ரோடை நீங்க எப்படிச் சொல்லலாம்? என் சம்சாரம் வாய் நிறைய பஞ்சோட எனக்காக மன்னிப்புக் கேட்டா.”

தராசு சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டே சிரித்ததில் எழுத்து கோணியது.

“மழை வந்துச்சுன்னா, குடை இருக்கறவரு இல்லாதவரைக் கூப்பிட்டு உள்ள சேர்த்துக்கறாரு, யாரு எவருன்னு பார்க்கறதில்லை. குடை என்னவோ சின்னது. ரெண்டு பேரும் பாதி பாதி நனைஞ்சுக்கிட்டே போறாங்க. உங்க ஊர்ல முழுசா நனைஞ்சவங்களையும் நான் பார்க்கலை, முழுசா காய்ஞ்சவங்களையும் பார்க்கலை.”

“இதெல்லாம் எங்களுக்கு எப்படிப்பா தெரியாமப் போச்சு?”

“உங்களுக்கு அங்க பல்லு வலிக்கலையேண்ணே.”

கடிதத்தின் பின்பக்கம் நிரம்பியது. ஓரங்களும் நிரம்பின. கீழ் மாடியிலிருந்து ஏறிவந்த மூன்று பேர் தராசைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் ஆனபிறகு எதிர்ப்பக்கத்தவர் தொண்டையைச் செருமினார்.

“இப்ப நீங்க சொல்லுங்கண்ணே. எங்களைப் பத்தி. நாங்களும் ஏதாவது எழுதணுமே.”

தராசு வாயைத் திறந்தார். இருபத்திரண்டு கையேடுகள், எழுநூற்று நான்கு பக்கங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வலது பத்தி. எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. அதில் ஏதாவது ஒரு வரியை எடுத்து நீட்டலாம் என்று பார்த்தார்.

“நீங்க வந்து... கொஞ்சம் கம்மியா பேசற ஆளுங்க.”

“நாப்பது நிமிஷமா நான்தாண்ணே பேசிட்டிருக்கேன்.”

“ஆமாமில்ல.” தராசு நெற்றியைத் தேய்த்தார். “தம்பி, நான் வந்து பார்த்துட்டு சொல்றேனே. என் வீட்டுக்காரிக்கு ரயில்வே பாஸ் இருக்கு.”

“வாங்கண்ணே! பல்லு ஏதாவது வலிச்சா வாங்க. வலிக்காட்டியும் வாங்க.”

“வச்சிடட்டுமா?”

“வச்சிடுங்க.”

“அப்ப வச்சிடறேன்.”

“சரிண்ணே.”

“அப்ப சரி, வைக்கறேன் தம்பி.”

“அண்ணே, இதையும் எழுதிக்கங்க. உங்க ஆளுங்க மூணு தடவை சொல்லுவாங்க, வைக்க மாட்டாங்க.”

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் தராசு செய்தித்தாளை விரித்தார். பக்கத்து இருக்கைக்காரர் கழுத்தை நீட்டினார். வழக்கம்போல் பக்கத்தைத் திருப்பக் கை போனது, அதற்கு முன்னால் வாய் தானாக, “முடிச்சிட்டீங்களா?” என்றது. தான் இதை எத்தனை வருடமாகக் கேட்டுவருகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மனிதர், “விளையாட்டுச் செய்தி மட்டும்” என்றார். தராசு காத்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவே புதிதாக இருந்தது. ஒருவர் இன்னொருவருக்கு நான்கு திசையையும் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் முகத்தில் அபார நம்பிக்கை.

புதனும் வியாழனும் அவர் பேனா நிற்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மா தட்டச்சு செய்துகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே, “சார், எங்க மாமியார் போனை வைக்கவே மாட்டாங்க சார், அது தேசியத் தன்மைன்னு தெரியாம இத்தனை நாள் திட்டிட்டேனே!” என்றார். எட்டுப் பக்கமும் எட்டு விஷயம். கோடு இல்லை. பத்தி இல்லை. பக்கத்து நாட்டின் பெயர் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் அதைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் உதட்டைக் கடித்தார். குடைப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். வானிலைத் துறையிலிருந்து வந்தவர் மழையைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“இதுதான்,” என்றார். “இது நாமதான். என் வீட்டுக்காரரை அப்படியே எழுதியிருக்கீங்க. பிரிவு இருக்கட்டும். புத்தகத்துக்கு அச்சு உத்தரவு குடுக்கறப்பவே பிரிவைத் தொடர்றதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்.” பிறகு எல்லோரையும் பார்த்து, “பார்த்தீங்களா? அடுத்த நாட்டை எட்டிப் பார்க்காம, நம்மளை நாமளே பார்த்து எழுத முடியும்னு இவர் காட்டியிருக்கார். எல்லாப் பிரிவும் இதை மாதிரியா வச்சுக்கணும்.”

கைதட்டினார்கள். இம்முறை ஒன்பது பேரும் விழித்திருந்தார்கள். யாரோ, “அன்னிக்கே சொன்னாரே மேடம், சொன்ன மாதிரி செஞ்சுட்டாரு” என்று எடுத்துக் கொடுத்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தராசு எழுந்து, “நன்றி மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொதுவாக அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசுபவர் அல்ல.

அடுத்த புதன்கிழமை அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. இயக்குநர் ஒப்பம் போட்டால் அச்சுக்குப் போகும். உள்ளட்டையில், வழக்கமான படிவப்படி, வெளியீட்டு எண், பிரதிகள், ‘தகவல் உதவி’ என்று மூன்று வரி. மூன்றாவது வரிக்கு எதிரே இருபத்திரண்டு வருடமும் ஒரு கோடுதான் இருந்தது. இந்த வருடமும் அச்சகத்தார் கோடே போட்டிருந்தார்கள்.

தராசு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். எது நல்லது என்று பார்க்கவில்லை. கோட்டை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். “சார், மேடம் இன்னும் கையெழுத்துப் போடலை.”

“தெரியும்மா.”

“அவங்க பார்த்துட்டு வேண்டாம்னுட்டா?”

“கஷ்டம்தான்.”

“எனக்கு ஒன்றரை மணி நேரம் பஸ் சார்.”

தராசின் பேனா நின்றது. அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். டைப்பிஸ்ட் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

“மூன்றாம் மாடின்னு போட்டிருக்கீங்க. அவங்க ரூம் மூணாவது மாடின்னு எப்படித் தெரியும்?”

“கடிதத்துல இருந்துச்சு.”

“அப்ப சரி. நாட்டுப் பேருல ஒரு எழுத்து விட்டுப் போச்சு பாருங்க. இத்தனை வருஷம் எழுதியும் தப்பா எழுதறீங்களே.”

தராசு விட்டுப்போன எழுத்தைச் சேர்த்தார். பக்கத்து நாட்டின் முழுப்பெயர், துறை, பிரிவு, மாடி, தொலைபேசியில் பேசியவரின் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே, இடம் மிச்சம் இருந்ததால், ‘இந்நூலில் உள்ள எட்டுப் பக்கச் செய்திகளும் இவர் கண்டு சொன்னவை’ என்று சேர்த்தார். மெய்ப்பை எடுத்துக்கொண்டு தானே நடைவழியில் போனார். இயக்குநர் இருக்கையில் இல்லை. கோப்புத் தட்டில் வேறு கோப்புகள் இருந்தன. அவற்றுக்கு மேலே, உள்ளட்டை தெரியும்படி விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேடத்தின் கண்ணாடிக் கூட்டை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.